கொண்டது விடா

பார்க் ரைனியில் மத்தி கரையேறிவிட்டதென்று
வானொலி சொன்ன அன்றே
ஒரு கூடை வாங்கிவந்தேன்.
தோலுரித்து, வெண்தசையை அரைத்து,
வடித்து, திரும்ப வடித்து
இந்தச் சுண்டுவிரல் குழாயில் அடைக்கப்
பதினொரு நாள்.
கண்ணுக்கு அது வெறும் தண்ணீர்.

மீன் சடாரென்று திரும்புகிறதே,
திரும்பியதும் தசையை இளகச் சொல்வது
இந்தப் புரதம்.
பெருவிரலும் சுட்டுவிரலும் விரித்த கைபோல
அதில் ஒரு மடிப்பு. பக்கத்தில் இன்னொன்று.
கைக்கொரு கால்சியம்,
வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பிலிருக்கும் அதே சரக்கு,
ஏழு ஆக்சிஜன் சூழ நடுவில் உட்கார்ந்திருக்கும்.
முதலையும் மூர்க்கனும் கொண்டது விடா.
இதுவும்.

கொதிக்கவைத்துப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள்.
சாட்ஸ்வர்த்தில், மூட்லி வீட்டு விருந்தில்
புளி ஊற்றி அரைமணி கொதித்த குழம்பில்
ஒரே ஒரு துண்டு தின்றான் என் மகன் திரேஷன்.
உதடு வீங்கி, கண் மூடி,
ஆர்.கே. கான் மருத்துவமனையின் பச்சைச் சுவரோரம்
விடியும்வரை அவன் மூச்சை எண்ணினேன்.
குலையாத மடிப்பை
அவன் ரத்தம் அடையாளம் கண்டுகொண்டது.

அதனால் யூரியா.
டோங்காட் கரும்புக்கு மூட்டை மூட்டையாய் இறைப்பார்களே,
அதுதான், கொஞ்சம் சுத்தமானது.
கரைக்கும்போது குடுவை பனியாய்க் குளிரும்,
கை மரத்துப்போகும்.
எட்டு மோலார்வரை ஏற்றினேன்.
ஒளியின் முறுக்கை அளக்கும் கருவி
ஒரே கோட்டை வரைந்துகொண்டிருந்தது.
கால்சியம் உள்ளே இருக்கும்வரை
சுருள் அவிழவில்லை.

பறித்துவிட்டால்?
இ.டி.டி.ஏ. என்றொரு நண்டு இருக்கிறது,
கொடுக்கில் உலோகத்தைக் கவ்விக்கொண்டு போய்விடும்.
பிறகு அந்த நண்டையும் வடித்து வெளியேற்றிவிட்டால்
மிஞ்சுவது வெறுங்கைப் புரதம்.
ஒன்றரை மோலாரில் தளரும், மூன்றில் நூலாகிவிடும்
என்று திட்ட அறிக்கையில் எழுதி
கையெழுத்தும் போட்டிருந்தேன்.

வியாழன் இரவு
வெறுங்கைக்காரன் மூன்றில் நின்றான்.
நான்கில் நின்றான்.
ஐந்தரையில்
நான் தேநீர் போட எழுந்துபோனேன்.

காலையில் நோம்செபோ,
முகத்தைப் பார்க்காமல், கையுறையை மாட்டியபடி:
"செவ்வாய்க்கிழமை லோட்ஷெடிங்.
நீர் சுத்திகரிப்பான் நின்றுபோச்சு.
குடுவைகளைக் குழாயில் அலசிட்டேன்."

குழாய்த் தண்ணீர்.
இனாண்டா அணையில் கிடந்து
உம்கேனி வழியே எத்தனையோ பாறையை நக்கிவந்த தண்ணீர்.
கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்த அந்த ஈரத்தில்
கால்சியம் எவ்வளவு இருந்திருக்கும்?
ஒரு சிட்டிகையில் லட்சத்தில் ஒரு பங்கு?
அதற்கு அது போதுமாயிருந்தது.
நான் பதினொரு நாளில் பிடுங்கியதை
ஒரு அலசலில் பொறுக்கிக்கொண்டது.

அவளைத் திட்டவில்லை.
திட்டத் தெம்பில்லை என்பதே உண்மை.
குறிப்பேட்டில் 'மாசு' என்று எழுதி
அடிக்கோடிட்டேன். கோடு கோணலாகப் போனது.

அமிலத்தில் ஊறவைத்த பிளாஸ்டிக் குப்பிகள்.
புதிய கரைசல். ஞாயிறு மாலை.
ஒன்றில் நடுங்கியது,
ஒன்றரையில் பாதி சாய்ந்தது,
இரண்டரையில் சுருளே இல்லை.
பாடப்புத்தகத்தில் போல வளைவு இறங்கியது.
நோம்செபோ மேசையைத் தட்டிச் சிரித்தாள்.
நானும் சிரித்தேன்,
ஆனால் முந்தைய தாளைக் கிழிக்க மனம் வரவில்லை;
மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னேன்.
திரேஷன் கேட்டான்:
"அப்போ மத்தியிலிருந்து அதை எடுத்துட்டா
நான் சாப்பிடலாமாம்மா?"

எடுக்கலாம் என்றேன்.
அவன் எனக்கு முதுகு காட்டி நின்று
இரவுப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.
குழாய் திறந்தே இருந்தது.